எண்பதைத் தொடும் முள்

செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு, என் மனைவியின் மூளையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு வேலையை நான் நிறுத்திவிட்டேன்.

தவறுதலாக என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் 'நிச்சயமாக நிறுத்த வேண்டுமா?' என்று திரை கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். 'உறுதியாகவா?' என்று மறுபடியும் கேட்டது. பெண் பார்க்க வந்தவர்களைப் போல இந்தக் கணினிகள் கேட்டதையேதான் கேட்கும் என்று அலுத்துக்கொண்டு இரண்டாவது முறையும் அழுத்தினேன். முப்பது வருடம் மில்லில் கணினிகளைப் பராமரித்தவன் நான். எனக்கே யோசனை சொல்கிறதா?

அம்சவேணி அடுத்த அறையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். செய்த காரியத்தின் பலனைப் பார்க்கும் ஆவலில் எழுந்து போனேன். கையிலிருந்த விள்ளலைத் தட்டில் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்திருந்தது. நெடுந்தூரம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவருக்கு உட்கார இடம் கிடைத்த மாதிரி.

"ஏனுங்க, ஒண்ணு கேட்டாத் தப்பா நினைச்சுக்க மாட்டீங்களே?"

"கேளு அம்சா."

"நீங்க யாருங்க?"

எங்களுக்குக் கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடங்கள். அதில் நான் தயாராக வைத்திராத பதில் இந்த ஒரு கேள்விக்குத்தான்.

"நான்தான்... உன் வீட்டுக்காரன். குழந்தைவேலு."

"ஆமாங்க, அப்படித்தான் சொன்னாங்க" என்றாள். விள்ளலை எடுத்துச் சட்னியில் தொட்டு வாயில் போட்டுக்கொண்டாள்.

நான் திரும்பி ஓடிப்போய்க் கணினியைப் பார்த்தேன். திரையின் வலது மூலையில் முள் பதினைந்தில் நின்றிருந்தது. இரண்டு வருடங்களில் நான் அவள் எதிரே நின்றுவிட்டு வந்த உடனே அது அவ்வளவு கீழே இருந்ததே இல்லை.

முள் என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். அதற்கு என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது அவ்வளவு பெருமையான கதை இல்லை.

திரையின் ஓரத்தில் கடிகாரம் போல ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னச் சின்ன மானிகளை விட்ஜெட் என்பார்கள். கணினிக்கு எவ்வளவு பாரம், எவ்வளவு சூடு, நினைவகத்தில் எவ்வளவு இடம் மிச்சம் என்று காட்டிக்கொண்டே இருக்கும். சிலருக்குச் சீட்டாட்டம், சிலருக்கு வெற்றிலை. எனக்கு இது. என் திரையில் பதினேழு மானிகள் இருந்தன. "இவரு கம்ப்யூட்டர்ல வேலை செய்யறதில்லீங்க. கம்ப்யூட்டர் வேலை செய்யுதான்னு பார்க்கறதுதான் இவருக்கு வேலை" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அம்சவேணி சொல்வாள். அவள் கோவை பீளமேட்டில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். எதையும் இரண்டு வரியில் முடித்துவிடுவாள்.

அவள் ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் மூளையில் ரத்தக்குழாய் அடைத்தது. இடது பக்கத்தில் உள்ளங்கை அளவுக்குப் போய்விட்டது என்றார் டாக்டர் சம்பந்தம். போன இடத்தின் வேலையைச் செய்ய ஒரு பெட்டியைக் கொடுத்தார்கள். செருப்பு டப்பா அளவில், சாம்பல் நிறத்தில், கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும். காதுக்குப் பின்னால் காசு அளவுக்கு ஒரு தகடு. மிச்சமிருக்கும் மூளையிடமிருந்து பெட்டி தானாகவே கற்றுக்கொள்ளும். அதற்குத் தேவையான பழக்கங்களை அதுவே உண்டாக்கிக்கொள்ளும்.

"எதெது போயிருக்குன்னு போகப் போகத்தான் தெரியும்" என்றார் டாக்டர்.

நான் அன்றைக்கே சோதித்துப் பார்த்துவிட்டேன். பதினெட்டாம் வாய்ப்பாடு இருந்தது. மகள் ரேணுகா இருந்தாள். பள்ளியில் நாற்பது வருடத்துக்கு முன்பு வேலை பார்த்த தலைமையாசிரியையின் மீதான கோபம்கூட அப்படியே இருந்தது. "டீச்சர், உங்க வீட்டுக்காரர் வந்திருக்காரு" என்று நர்ஸ் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தார். நான் உள்ளே போனதும் அம்சவேணி சிரித்தாள். "வாங்க, சாப்பிட்டீங்களா?" என்றாள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று முடிவு செய்து வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

பெட்டிக்கு எவ்வளவு பாரம் என்று பார்க்கக் கம்பெனி ஒரு எண்ணை மட்டும் காட்டியது. வெறும் எண்ணை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அதற்கு ஒரு மானி செய்து, வட்டம் போட்டு, முள் வைத்து, திரை மூலையில் ஒட்டினேன். கைபேசியிலும் ஒன்று.

முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன். அம்சவேணி தனியாக இருந்தால் முள் பதினைந்தில் நிற்கும். பால்காரர் வந்தால் இருபத்திரண்டு. அவளுடைய தம்பி தாமோதரன் வந்தால் பத்தொன்பது. ரேணுகா பிரிஸ்பேனிலிருந்து வீடியோவில் வந்தால் முப்பத்தைந்து.

நான் உள்ளே போனால் எண்பது.

நம்ப முடியாமல் வெளியே வந்தேன். இறங்கியது. உள்ளே போனேன். எண்பது. செருப்புச் சத்தம் கேட்டாலே அறுபதைத் தாண்டியது. கல்யாணமான புதிதில்கூட என்னைப் பார்த்து யாருக்கும் எதுவும் எண்பது ஏறியதாக எனக்குத் தகவல் இல்லை. தாமோதரனை உட்கார வைத்துக் காட்டினேன்.

"மாப்பிளே, பாத்துக்க. கூடப் பொறந்தவன் நீ பத்தொன்பது. நான் எண்பது."

"மாமா, மின்சாரம் ஏறி இறங்குதோ என்னமோ" என்றான். பொறாமை.

அதன் பிறகு நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. தேவையே இல்லாமல் அவள் அறைக்குப் போவேன். கண்ணாடியைத் தேடுகிற மாதிரி, ஜன்னலைச் சாத்துகிற மாதிரி, சாத்திய ஜன்னலைத் திறக்கிற மாதிரி. போய்க் கைபேசியை இடுப்புக்குக் கீழே பிடித்துக்கொண்டு முள் ஏறுவதைப் பார்ப்பேன். அறுபத்தாறு வயதில் இதுதான் என் காதல். அவளும் ஒவ்வொரு முறையும் சிரிப்பாள், "உக்காருங்க" என்பாள். என் நகைச்சுவைகளுக்கெல்லாம் சிரித்தாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நோயில் படுத்து எழுந்ததற்கு முன்னால் முப்பத்தாறு வருடத்தில் மொத்தமாக ஒரு பத்துப் பன்னிரண்டு தடவைதான் சிரித்திருக்கிறாள்.

சாயங்காலம் ஆனால் அவளுக்குத் தலை வலிக்கும். நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு கண்ணை மூடிப் படுப்பாள். டிவி பார்ப்பதைக் குறை என்று நான் சொல்வேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவளுக்கு இட்லியைக் கொடுத்துவிட்டு வந்த கையோடு பார்த்தால், பெட்டியின் சூட்டைக் காட்ட நானே ஒட்டிவைத்த மானி சிவப்புக்குப் போயிருந்தது. மின்விசிறி கட்டிலுக்கு அடியில் கத்தியது. எனக்குத் தெரிந்தது ஒரே வைத்தியம். எந்தக் கணினி திணறுகிறதோ அதன் வேலைப் பட்டியலைத் திற, மேலே நிற்பதை நிறுத்து, டீ குடி, யாராவது அலறினால் மறுபடி ஓடவிடு. மில்லில் இதற்குக் 'குழந்தைவேலு வைத்தியம்' என்றே பெயர். பெட்டியைத் தொடக்கூடாது என்று கம்பெனி எழுதிக்கூடக் கொடுத்திருந்தது. ஆனால் கடவுச்சொல்லாகக் கம்பெனியின் பெயரையும் ஒன்று இரண்டு மூன்றையும் வைத்திருந்தால் அது பூட்டா, அழைப்பிதழா? உள்ளே போனேன். பட்டியலில் மேலே, பெயரில்லாத ஒரு வேலை, அறுபத்தைந்து சதவீதத்தைத் தின்றுகொண்டிருந்தது. ஊர் பேர் தெரியாத ஏதோ ஒன்று என் மனைவியின் மூளையில் உட்கார்ந்து சாப்பிடுகிறதே என்று நிறுத்தினேன்.

யாரும் அலறவில்லை. அதுதான் கொடுமை.

கம்பெனியிலிருந்து மறுநாள் தஸ்லீமா வந்தாள். திருநெல்வேலி மேலப்பாளையத்துப் பெண், முப்பது வயதிருக்கும். முதலில் பெட்டியைப் பார்க்காமல் என் திரையைத்தான் பார்த்தாள்.

"சார், இந்தக் கம்ப்யூட்டர்ல வேற என்ன பண்ணுவீங்க?"

"வேற ஒண்ணும் இல்லம்மா. நல்லா ஓடுதான்னு பார்ப்பேன்."

"இதோட சக்தியில பாதியை உங்க மானிங்களே தின்னுது சார். பார்க்கதே பெரிய பாரமா இருக்கு."

அதை ஒரு பாராட்டாக எடுத்துக்கொண்டேன். பிறகு அவள் பெட்டியைத் தன் மடிக்கணினியோடு இணைத்து, ஒரு மணி நேரம் படித்தாள். நான் டீ வைத்துக் கொடுத்தேன். ஆறிப்போய் ஏடு படிந்தது. இன்னொன்று வைத்துக் கொடுத்தேன்.

"நீங்க நிறுத்துனது நாங்க போட்டது இல்ல சார். அம்மா மூளையும் பெட்டியும் சேர்ந்து உண்டாக்குன பழக்கம். ஆஸ்பத்திரியில நீங்க முதல் தடவை உள்ள வந்த அன்னைக்கு ஆரம்பிச்சிருக்கு."

"என்ன பழக்கம்?"

"தேடுத வேலை சார். உங்க முகம், குரல், செருப்புச் சத்தம், எது வந்தாலும் உடனே எந்திரிச்சு, இருக்கிற நினைவையெல்லாம் மேலயிருந்து கீழ வரைக்கும் புரட்டுது. உங்களைத் தேடுது."

என்னையா? பெட்டியின் விசிறி கத்தக் கத்த, நெற்றி கொதிக்கக் கொதிக்க, இவள் என்னையா தேடிக்கொண்டிருந்தாள்? அதையா நான் நிறுத்தினேன்?

"தேடிக் கண்டுபிடிச்சுதாம்மா?"

தஸ்லீமா மடிக்கணினியை மெல்ல மூடினாள்.

"தேடி முடிச்சதும் பேசுத இடத்துக்கு ஒரு வரி அனுப்பும் சார். அவ்வளவுதான் சொல்ல முடியும்."

"என்ன வரி?"

"அது அம்மா மனசுல இருக்கது. அதைப் படிச்சு இன்னொருத்தர்கிட்ட சொல்ல எனக்கு அனுமதி இல்ல."

"நான் இன்னொருத்தனா? புருஷன்மா."

"புருஷன்கிட்டதான் முக்கியமாச் சொல்லக்கூடாதுன்னு விதி சார்" என்றாள். சிரிக்காமல்தான் சொன்னாள். கிளம்பும்போது செருப்பைப் போட்டுக்கொண்டே கேட்டாள்: "ஒரு நாளைக்கு இருபத்தாறு தடவை இந்த வேலை எந்திரிச்சிருக்கு. அம்மா ரூமுக்கு யார் அவ்வளவு தடவை போவா?"

"நான்தான்."

"எதுக்கு சார்?"

ஜன்னல் சாத்த என்றேன்.

அவள் சொல்லிவிட்டுப் போன இன்னொன்று இதுதான். நிறுத்திய வேலை அழியாமல் பத்து நாள் அப்படியே இருக்கும். அதற்குள் மறுபடி ஓடவிடலாம். சட்டப்படி பொறுப்பாளர் நான் என்பதால், என் கைபேசிக்கு ஒரு பொத்தானை அனுப்பிவைப்பாள். பத்தாம் நாள் மாலை ஐந்து மணிக்கு மேல் அது போய்விடும். ஓடவிட்டால் பழையபடி ஆகிவிடும். சூடும் தலைவலியும்கூடப் பழையபடியே வரும். "ரெண்டையும் யோசிங்க சார்."

யோசிப்பதற்கு முன் யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று பார்த்தேன். எனக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு விஷயம். அவள் தேடியபோது நான் கிடைத்தேனா, இல்லையா?

டாக்டர் சம்பந்தம், "இதை ரெண்டு விதமாப் பார்க்கலாம் குழந்தைவேலு" என்றார். இரண்டையும் விளக்கினார். இரண்டிலும் என் கேள்வி இல்லை.

"அந்த உள்ளங்கை அளவுல என்ன டாக்டர் இருந்துச்சு?"

"அதை யாராலயும் சொல்ல முடியாது."

முப்பத்தெட்டு வருடக் குடித்தனம் உள்ளங்கைக்குள் அடங்கியிருக்குமா என்று யோசித்துக்கொண்டே பஸ் ஏறினேன். நான் ஐந்தடி நான்கு அங்குலம்தான். அடங்கியிருக்கலாம்.

ரேணுகா வீடியோவில் வந்தாள்.

"அம்மாவுக்கு என்னை முன்னாடி ஞாபகம் இருந்துச்சா கண்ணு? உன்கிட்ட ஏதாவது சொன்னாளா?"

"அப்பா, சாப்டீங்களா?"

எங்கள் வீட்டில் பதில் சொல்ல விருப்பமில்லாத கேள்விக்கு இதுதான் பதில். அம்மாவிடம் கற்றது.

"சாப்பிட்டேன். நான் கேட்டதுக்குச் சொல்லு."

"அம்மா இப்ப நல்லாத் தூங்கறாங்கல்லப்பா?"

"தூங்கறா."

"தலைவலி?"

"இல்ல."

"அப்பறம் என்னப்பா" என்றாள். திரையில் அவள் முகம் ஒரு பக்கம் திரும்பியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். அங்கே அது குளிர்காலம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அம்சவேணி நன்றாக இருந்தாள் என்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான செய்தி. ஈரத்துணி கொடியில் காய்ந்து விறைத்துப்போனது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு முக்கோணவியல் சொல்லிக்கொடுத்தாள். சாம்பாரில் உப்பு அதிகம் என்றாள். இரண்டு வருடமாக என் சமையலைச் சாப்பிட்டுவிட்டு "நல்லா இருக்குங்க" என்று மட்டுமே சொன்னவள்.

அவளை என்னவென்று கூப்பிடுவது என்று எனக்குத் தடுமாற்றம். நம்மை யாரென்று தெரியாத பெண்மணியை 'நீ' என்று கூப்பிட நாக்கு எழவில்லை. மூன்றாம் நாளிலிருந்து 'டீச்சர்' என்றும் 'நீங்க' என்றும் ஆரம்பித்தேன். அவளிடம் எந்த மாற்றமும் இல்லை. எங்கள் பக்கத்தில் மனைவி கணவன் பெயரைச் சொல்வதில்லை. 'ஏனுங்க' என்றால் நான் திரும்புவேன். காய்க்காரரும் அதற்குத்தான் திரும்புவார். இரண்டு வருடத்தில் ஒரு முறைகூட அவள் என் பெயரைச் சொல்லவில்லையே என்று யாருக்கும் தோன்றாததற்கு இதுதான் காரணம். அதற்கு முந்தைய முப்பத்தாறு வருடத்திலும் அவள் சொன்னதில்லையே.

அறைக்கு அடிக்கடி போவதை நிறுத்தினேன். சாப்பாட்டுக்கு மூன்று முறை, காப்பிக்கு இரண்டு. போனால் முள் பதினைந்திலேயே நின்றது. பால்காரர் என்னை ஏழு புள்ளிகளில் தோற்கடித்துக்கொண்டிருந்தார்.

ஒன்பதாம் நாள் ஒரு கணக்குப் போட்டேன். இருபத்தாறு தடவை, இரண்டு வருடம். கிட்டத்தட்டப் பத்தொன்பதாயிரம். ஜன்னல் சாத்தப் போன பத்தொன்பதாயிரம் தடவையும் அவள் மனசுக்குள் எழுந்து வீடு முழுக்கத் தேடியிருக்கிறாள். நான் கைபேசியைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு முள்ளைப் பார்த்து மகிழ்ந்திருக்கிறேன். கணினியின் சக்தியில் பாதியைத் தின்றுகொண்டு அது நன்றாக ஓடுகிறதா என்று பார்த்த அந்தப் பதினேழு மானிகளோடு பதினெட்டாவதாக நானும்.

ஆனாலும் என்னால் அந்தப் பொத்தானை விட முடியவில்லை. மனதுக்குள் பேரம் பேசினேன். பத்தொன்பதாயிரத்தில் ஒரு தடவை, ஒரே ஒரு நாள், தேடியது அவளுக்குக் கிடைத்திருந்தால் போதும். அந்த ஒரு நாளுக்காக அவள் தலை கொதித்தாலும் பரவாயில்லை என்று அழுத்திவிடுவேன். நான் அப்படிப்பட்ட ஆள்தான். நல்லவன் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை.

பத்தாம் நாள் நாலரை மணிக்குக் காப்பியை எடுத்துக்கொண்டு போனேன். அவள் பழைய விடைத்தாள் கட்டு ஒன்றைப் பிரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் காட்டுவதற்காகப் பரணிலிருந்து எடுக்கச் சொல்லியிருந்தாள்.

"இதப் பாருங்க" என்று ஒரு தாளை நீட்டினாள். ஒரு கேள்வி எண்ணைப் போட்டு, எதிரே 'தெரியவில்லை டீச்சர்' என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். ஓரத்தில் சிவப்பு மையில் அரை மார்க்.

"தெரியலைன்னு எழுதினா அரை மார்க் போடுவனுங்க. கதை விட்டா சைபர். எங்க பள்ளிக்கூடத்துல எல்லாத்துக்கும் தெரியும்."

எனக்கும் தெரியும். எத்தனை வருடம் கேட்டிருக்கிறேன். காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"டீச்சர், வால்பாறை போனது ஞாபகம் இருக்குங்களா?"

"நீங்க சொல்லியிருக்கீங்க. கொண்டை ஊசி வளைவுல எனக்கு வாந்தி வந்துச்சு, நீங்கதான் தலையைப் பிடிச்சுக்கிட்டீங்கன்னு."

போன வருடம் இதே கதையைச் சொன்னபோது, "ஆமாங்க, மறக்க முடியுமா? நீங்க பிடிக்கலைன்னா நான் கீழ விழுந்திருப்பேன்" என்று சொல்லி என் கையைத் தட்டிக்கொடுத்தாள். முள் எண்பத்தாறுக்குப் போனது. எனக்கு உள்ளூர ஒரு சின்ன நெருடல். இவள் பெருந்தன்மையில் என்னை விட்டுக்கொடுக்கவில்லை என்று நினைத்து அதை விழுங்கிவிட்டேன்.

"அது பொய் டீச்சர்."

"எதுங்க?"

"வாந்தி எடுத்தது நான். ஒன்பதாவது வளைவுல ஆரம்பிச்சு முப்பத்தஞ்சு வரைக்கும். தலையைப் பிடிச்சது நீங்க. உங்க புதுப் புடவை போச்சு. பஸ் டிரைவர், 'ஏம்மா, வீட்டுக்காரரை முதல்ல தரையில நடக்கப் பழக்குங்க'ன்னாரு."

அம்சவேணி சிரித்தாள். காப்பி தளும்பியது. டபராவைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். படுத்து எழுந்ததற்கு முன்னால் நான் பார்த்த அந்தப் பத்துப் பன்னிரண்டு சிரிப்புகளில் ஒன்று போல இருந்தது. கைபேசி என் மடியில் இருந்தது. முள் பதினேழு.

இரண்டு வருடமாக என்னைப் பார்த்துச் சிரிக்க அவளுக்கு அறுபத்தைந்து செலவானது. நிஜமாகச் சிரிக்க இரண்டு போதுமாக இருந்திருக்கிறது.

மணி நாலு ஐம்பத்திரண்டு. திரையில் பச்சை நிறத்தில் பொத்தான் துடித்துக்கொண்டிருந்தது.

"அதென்னுங்க, அதையே பாத்துட்டு இருக்கீங்க?"

சொன்னேன். பெட்டியில் என்னைத் தேடும் வேலையை நான் நிறுத்தியதையும், இதை அழுத்தினால் அது மறுபடி ஓடும் என்பதையும், ஐந்து மணிக்கு மேல் முடியாது என்பதையும். கடவுச்சொல் விஷயத்தையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். காப்பியைக் குடித்து முடித்து டபராவைக் கவிழ்த்து வைத்தாள்.

"அது ஓடறப்ப எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியாதுங்க."

"நீங்க கதவைத் திறந்தா, படிக்காத பாடத்துல கேள்வித்தாள் வந்து விழுந்த மாதிரி இருக்குமுங்க. எழுதி முடிச்சுப் பேனாவை வெச்சா, மறுபடியும் கதவைத் திறப்பீங்க."

நான் தரையைப் பார்த்தேன்.

"நல்ல மனுஷரா இருக்காரே, ஆசையா வந்து நிக்கறாரேன்னு..." பாதியில் நிறுத்தினாள். கட்டிலின் விளிம்பில் நகர்ந்து எனக்கு நேராக உட்கார்ந்தாள். வகுப்பில் கடைசி பெஞ்சைப் பார்க்கும் அந்தப் பார்வை. "என்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு பத்து நாளாச் சுத்திச் சுத்தி வர்றீங்க. எல்லாத்துகிட்டயும் கேட்டுட்டீங்க. என்கிட்டக் கேக்கலீங்க. கேளுங்க."

நாலு ஐம்பத்தாறு.

கைபேசியைக் கட்டிலில் வைத்தேன், இருவருக்கும் தெரிகிற மாதிரி. முள் பதினைந்தில் இருந்தது. என் பெருவிரல் பொத்தானுக்கு மேலே இருந்தது. ஏதாவது நகைச்சுவையாகச் சொல்லி ஆரம்பிக்கலாம் என்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

"டீச்சர், இந்த ரெண்டு வருஷத்துல, என்னைப் பாத்து, இவர்தான் அவர்னு, யாரும் சொல்லிக்கொடுக்காம, உங்களுக்கே தெரிஞ்சு... ஒரு நாளாவது இருந்துச்சுங்களா?"

அவள் அவசரப்படவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். என் முகத்தில் எதையும் தேடவில்லை. முள் அசையவில்லை.

"இல்லீங்க" என்றாள். "ஒரு நாள்கூட இல்லீங்க."